வாசலில் கிடந்த முதலாளி

பெட்டியக்காவின் அட்டைப்பெட்டிப் பட்டறைக்குள் செருப்பு நுழையக் கூடாது. இது அங்கே சட்டம். அங்கே தரைதான் மேஜை. வெட்டிய அட்டைகளைத் தரை முழுக்கப் பரப்பிவைத்து, நடுநடுவே உட்கார்ந்துதான் பெண்கள் மடிப்பார்கள், பசை தடவுவார்கள். அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் பிஸ்கெட் கம்பெனியின் படம் அச்சாகியிருக்கும். அதில் ஒரு மண் தடம் பட்டால் போச்சு, அந்த அட்டை பழைய பேப்பர் கடைக்குத்தான். ஆகவே எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு, அட்டைகளுக்கு இடையில் விட்ட ஒற்றையடி இடைவெளியில் வெறுங்காலோடு நடந்துதான் உள்ளே வர வேண்டும்.

அந்த வாசலை நீங்கள் பார்க்க வேண்டும். பெண்களின் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். வார் அறுந்து ஊக்கு குத்தியது, குதி தேய்ந்தது, மகளுடையதை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தது. அத்தனைக்கும் நடுவில், வழியை அடைத்துக்கொண்டு, ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. பழுப்புத் தோல், தடித்த அடி, ஒவ்வொன்றும் ஒரு முழம் என்று சொல்லத் தோன்றும். தினமும் காலையில் அது வாசலில் இருக்கும். சாயங்காலம் இருக்காது.

அது யாருடைய செருப்பு என்று கேட்டால், முதலாளியுடையது. முதலாளி எங்கே என்று கேட்டால், அதுதான் கதை.

பெட்டியக்கா முன்னே ஒரு பெரிய அட்டைப்பெட்டி ஆலையில் மடிப்பு வேலை பார்த்தவள். அந்த ஆலையை இழுத்து மூடியபோது, துருப்பிடித்த இரண்டு மெஷின்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒன்று அட்டையில் மடிப்புக் கோடு போடுவது, இன்னொன்று பெட்டிக்குக் கம்பிப் பின் அடிப்பது. கழுத்தில் காதில் கிடந்ததை விற்று அவள் வாங்கிப் போட்டாள். மெஷின் வந்துவிட்டது, வைக்க இடம் வேண்டுமே? ஊரில் காலி ஷெட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் போன இடமெல்லாம் ஒரே பாட்டு. "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கலாம்."

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன், ஆனால் பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். "நீங்கதானே தொழில் பண்ணப்போறீங்க?" என்று ஒரு ஷெட்காரர் கேட்டார். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இவர், "இல்லீங்க, எல்லாம் அவங்கதான். எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்" என்றார். அந்த இடம் அன்றோடு கை நழுவிப் போயிற்று.

அடுத்த இடத்துக்குத் தனியாகப் போனாள். இடத்துக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கும்மா ஷெட்டு?" அவளுக்கு என்ன தோன்றியதோ, வாயில் வந்துவிட்டது. "எங்க முதலாளிக்குங்க. அவரு வெளியூர்ல இருக்காரு. நான் மேனேஜர்."

"அப்படியா! ஆளு எப்படி?"

"கொஞ்சம் கோபக்காரரு. பேச்சு கம்மி. சொன்னா சொன்னதுதான்."

இடத்துக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கண்ணால் காணாத ஆள்மேல் அவருக்கு வந்த நம்பிக்கை, கண் முன்னால் நின்றவள்மேல் வரவில்லை. என்ன செய்வது, உலகம் அப்படி. சாவியைக் கொடுத்துவிட்டார். போகிற போக்கில், "இடம் என் சம்சாரம் பேர்ல இருக்கு. வரிக்காகச் சும்மா எழுதிவெச்சது. எதுன்னாலும் என்கிட்டதான் பேசணும், சரியா?" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே தெருவோரப் பழைய செருப்புக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஜோடியாகக் கேட்டாள். "யாருக்கும்மா, காலைக் காட்டச் சொல்லு" என்றான் கடைக்காரன். "அவரு கால் யாருக்கும் காட்ட மாட்டாரு, நீ குடு" என்று வாங்கி வந்தாள். அப்படித்தான் முதலாளி பட்டறையில் காலடி எடுத்துவைத்தார்.

அதற்கப்புறம் ஆள் வளர ஆரம்பித்துவிட்டார். மூலையில் கிடந்த கணக்கு மேஜைமேல் ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. பக்கத்தில் பாதி குடித்த டீ வந்தது. பேப்பர் ரோல் விற்கிறவர் விலையை ஏற்றினால், "ஒரு நிமிஷம், முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போவாள். ரோல்களுக்குப் பின்னால் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "முடியாதுன்னுட்டாரு. திட்டிட்டாரு என்னைய" என்பாள். ரோல்காரர் எட்டிப் பார்ப்பார், வாசல் செருப்பைப் பார்ப்பார், குரலைத் தாழ்த்திக்கொண்டு பழைய விலைக்கே இறக்கிவிட்டுப் போவார். இதையே அவள் சொந்த வாயால் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் உபதேசம் கேட்டிருக்க வேண்டும்.

பின் அடிக்கும் மெஷினில் இருப்பவளுக்குப் பின்னக்கா என்றே பேர். அவள் அடிக்கடி சொல்வாள்: "நம்ம முதலாளி மாதிரி தங்கமான மனுஷன் உண்டாடி? ஒரு நாள் அதட்டினது உண்டா, கையைப் பிடிச்சது உண்டா? கட்டினா இந்த மாதிரி ஆளைக் கட்டணும்." ஆள் இல்லாத ரகசியம் தெரிந்த பட்டறையே சிரிக்கும். பெட்டியக்காவும் சிரிப்பாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்த ஆள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்பதுதான் உண்மை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்த இடத்தில் எல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு நாள் இடத்துக்காரர் கல்லைத் தூக்கிப் போட்டார். அந்தப் பக்கம் ரோடு அகலமாகி, ஷெட்டுக்கெல்லாம் கிராக்கி வந்திருந்தது. கோடவுனுக்குக் கேட்டு யாரோ வந்திருக்கிறார்கள். "வாய்ப்பேச்சு எல்லாம் இனிமே சரிப்படாதும்மா. மூணு வருஷத்துக்கு எழுத்துல போட்டுக்கலாம். முதலாளி நேர்ல வரணும். வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அன்று பிடித்தது அவளுக்குக் கவலை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். சோற்றில் கையை வைத்துவிட்டு, எதற்கு உட்கார்ந்தோம் என்று மறந்து எழுந்து போனாள். மெஷினைத் தரையில் சிமென்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. பெரிய மோட்டாருக்கான கரண்ட் வாங்க எத்தனை ஆபீஸ் வாசலில் நின்று கால் கடுத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். இந்த இடம் போனால் தொழில் போச்சு. திரும்பவும் முதலிலிருந்து, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா."

"நீங்க வந்து உக்காருங்களேன், ஒரு பத்து நிமிஷம்" என்றாள் கணவரிடம்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. காது காட்டிக் குடுத்துருமே" என்றார் அவர் பாவமாக. "பேசாம உண்மையைச் சொல்லிடேன்."

"சொல்லிட்டு? நடுத்தெருவுல உக்காந்து பெட்டி மடிக்கவா?"

வேறு வழி தெரியாமல்தான் தம்பியிடம் போனாள். தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், வாய் உள்ள பிள்ளை. அந்த வாயை வைத்துக்கொண்டு செல்போன் கடை வைத்தான், கோழிப்பண்ணை வைத்தான், பழைய கார் வாங்கி விற்றான். எல்லாவற்றுக்கும் அம்மா கொடுத்தாள், எல்லாம் ஊற்றி மூடியது. மெஷின் வாங்க இவள் போய் நின்றபோது அதே அம்மா, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்று கதவைச் சாத்தினாள். அதை இவள் மறக்கவில்லை. ஆனாலும் தம்பி தம்பிதானே. கூப்பிட்டதும் வந்தான்.

வாசலில் தன் ரப்பர் செருப்பைக் கழற்றினான். முதலாளி செருப்பில் காலை விட்டான். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

"அக்கா, எனக்குன்னே வாங்கினியா?" என்றான். அவளுக்குத் திக்கென்றது. சிரித்து வைத்தாள்.

குறை சொல்லக் கூடாது, அன்று தம்பி பிரமாதப்படுத்தினான். காலை அகட்டி உட்கார்ந்து, "ம்" என்று ஒரு தடவை, "பாக்கலாம்" என்று ஒரு தடவை, அவ்வளவுதான் பேசினான். இடத்துக்காரர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பாத்ததும்தான் எனக்கு உசிரே வந்துச்சு. அடுத்த வாரம் பத்திரம் அடிச்சுக்கிட்டு, சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்துடறேன். கையெழுத்துப் போட்டுக்கலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை மறுநாள் காலையில் ஆரம்பித்தது. தம்பி திரும்பவும் வந்துவிட்டான்.

"என்னடா?"

"இடத்துக்காரர் இந்த வழியாத்தானே போறாரு. நான் இல்லைன்னா சந்தேகம் வராதா?"

வராதா? வரும்தான். அவள் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான், பவர் பற்றிக் கவலையே இல்லாமல். மூன்றாம் நாள் அவன் டீயை முழுசாகக் குடிக்க ஆரம்பித்தான். "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்" என்று பின்னக்கா மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று பெண்களிடம் சொன்னான். நூற்றுக்கணக்கான பெட்டி பேச்சிலேதான் மடிந்துகொண்டிருந்தது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அன்று பட்டறை சாவு வீடு மாதிரி இருந்தது. பெட்டியும் குறைவு.

பெட்டியக்கா பசை கலக்கும்போது கட்டி தட்டியது. கோடு போடும்போது மனசு ஓடி, ஒரு கட்டு அட்டைக்குத் தப்பான இடத்தில் கோடு விழுந்தது. தன் பட்டறையிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் அலைந்தாள். அவனை விரட்டவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. கையெழுத்து முடியட்டும், கையெழுத்து முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பிஸ்கெட் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். போன் மேஜைமேல் இருந்தது, மேஜையில் தம்பி இருந்தான். "முதலாளிதான் பேசறேன்" என்று அவன் சொன்னதை அவள் ரோலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. மேனேஜர் வழக்கம் போல விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி பெரிய மனசோடு குறைத்துவிட்டான்.

"டேய், அந்த விலைக்குப் பெட்டி செஞ்சா பசைக்குக்கூடக் கட்டாதுடா! யாரைக் கேட்டுச் சொன்னே?"

"ஆம்பளைங்க பேசிக்கிறப்போ கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்க்கா. உனக்குத் தொழில் நெளிவுசுளிவு தெரியல. அதுவும் இல்லாம, பத்திரம் என் பேர்லதானே எழுதப்போறாங்க? இனிமே நானும் பொறுப்பாப் பாக்கணும்ல?"

பத்திரம் என் பேரில். அந்த ஒரு வாரத்தில் ஆயிரம் நினைத்துக் குழம்பியவள், அதை மட்டும் நினைக்கவே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் செருப்புக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்திருந்தாள். கோபம் தம்பிமேலா, தன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை வந்தது. அழவும் நேரமில்லை, மறுநாள் கையெழுத்து.

மறுநாள் இடத்துக்காரர் பத்திரத்தோடு வந்தார். பின்னால் அவர் மனைவி. ஒல்லியான அம்மா, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தார். இடத்துக்காரர் செருப்போடு நேரே உள்ளே வந்து ஓரமாக நின்றுகொண்டார். அந்த அம்மா வாசலில் நின்றார். வரிசையைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்துவிட்டு, அட்டை எதையும் மிதிக்காமல், இடைவெளி பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்து, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியக்கா அதைக் கவனித்தாள்.

"ஏம்மா, எல்லாருக்கும் டீ சொல்லும்மா" என்றார் இடத்துக்காரர் அவளிடம்.

சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பியபோது, "வாங்க, வாங்க" என்று தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். இடைவெளி வழியாக இல்லை, குறுக்கே வந்தான். முதலாளி செருப்போடு. காலையில் அச்சாகி வந்து, வெள்ளை வெளேரென்று விரித்துவைத்திருந்த அட்டைகளின் மேலே, சரக் சரக் என்று நடந்து வந்தான். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெரிய மண் தடம். பிஸ்கெட் படத்தின் மேலேயே ஒன்று.

பின் அடிக்கும் மெஷின் நின்றது. பெண்கள் எல்லோரும் அந்தத் தடத்தையே பார்த்தார்கள்.

"இறங்குடா!" என்றாள் பெட்டியக்கா. அந்தக் குரல் அவளுக்கே புதிது.

"என்னக்கா?"

"அட்டைய விட்டு இறங்குடா. செருப்பைக் கழட்டு. கழட்டுன்னேன்ல!"

"அக்கா, பெரியவங்க இருக்காங்க..."

"இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்." இடத்துக்காரர் பக்கம் திரும்பினாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இவன் என் தம்பிங்க. முதலாளி இல்லை. முதலாளின்னு ஒருத்தரு கிடையவே கிடையாது. அந்தச் செருப்பு நான் ரோட்டுக் கடையில வாங்கினது. மெஷின் என்னுது, வேலை என்னுது. இத்தனை வருஷம் வாடகை குடுத்தது நான்தான். எழுதினா என் பேர்ல எழுதுங்க. இல்லைன்னா சொல்லுங்க, சிமென்டை உடைக்க ஆள் கூப்பிடறேன்."

சொல்லி முடித்தாள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

இடத்துக்காரர் குதித்தார். "அப்போ இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே? ஒரு செருப்பைக் காட்டியா? நான் மரியாதை குடுத்து, பொங்கிப் பூரிச்சு, இவன் கையப் பிடிச்சு... வா, போலாம். பத்திரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் மனைவி எழுந்திருக்கவில்லை.

"வாடகை எப்பவாச்சும் பாக்கி வெச்சாங்களா?" என்று கேட்டார் மெதுவாக.

"அது இல்லை. ஆனா..."

"இடத்தைப் பாழாக்கினாங்களா?"

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"இடம் என் பேர்லதானே இருக்கு?"

"அது சும்மா எழுதினதுடி!"

"சும்மாவோ என்னமோ, எழுதியாச்சு. கையெழுத்து நான்தானே போடணும்? நான் இவங்களுக்குத்தான் போடுவேன்." அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க போய் வேற பத்திரம் அடிச்சுக்கிட்டு வாங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன். டீ வருதாம்."

இடத்துக்காரர் மனைவியையே பார்த்தார். பத்து ஜோடிப் பெண் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. "ஒரு வருஷத்துக்குத்தான். மூணு எல்லாம் கிடையாது" என்று உறுமிவிட்டுப் போனார். ஆசாமி விட்டுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

தம்பி செருப்பை உதறிவிட்டுத் தன் ரப்பர் செருப்பை மாட்டினான். "கூப்பிட்டு அவமானப்படுத்திட்டே. அம்மாகிட்ட சொல்றேன். இனிமே உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு." அவன் போவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது. கூடப் பிறந்தவன், அவள்தான் கூப்பிட்டாள், அவள்தான் விரட்டினாள். அவன்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியுமா? அம்மா வீட்டுக் கதவு இனி லேசில் திறக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

டீ வந்தது. இடத்துக்கார அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, வாசலில் தலைகீழாகக் கிடந்த அந்தப் பெரிய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "ரோட்டுக் கடையிலயா வாங்கினீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பின்னக்காவும் சேர்ந்துகொண்டாள். பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தடம் பட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கையெழுத்து ஆயிற்று. அதோடு தீர்ந்ததா? மறுநாள் காலையிலேயே பிஸ்கெட் மேனேஜர் போன் செய்தார். குறைத்த விலைக்கு எப்போது சரக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

"அந்த விலைக்கு முடியாதுங்க" என்றாள்.

"என்னம்மா இது? உங்க முதலாளியே ஒத்துக்கிட்டாரு. அவர்கிட்ட போனைக் குடுங்க."

நாக்கு பழக்கதோஷத்தில் "கேட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டது. கால் தானாக ரோல்கள் பக்கம் நகர்ந்தது. வாசலைப் பார்த்தாள். சின்னச் செருப்புகள் மட்டும் கிடந்தன. நடுவில் இருந்த பெரிய இடத்தை யார் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொல்ல இனிமேல் ஆள் இல்லை. ஆர்டர் போனால் அவளால் போனதுதான். தண்ணீர்ச் சொம்பு ரோலுக்குப் பின்னால் இருந்தது, அவள் போகவில்லை.

"முதலாளி நான்தாங்க. நான்தான் சொல்றேன், முடியாது. பழைய விலைன்னா இன்னைக்கே வண்டி ஏத்தறேன்."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, இருங்க. எங்க முதலாளியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

பெட்டியக்கா நின்றாள். நேற்று வராத சிரிப்பு இப்போது பொத்துக்கொண்டு வந்தது.

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க" என்றாள். "எதுக்கும் அவரு செருப்பு மட்டும்தான் வாசல்ல கிடக்குதா, ஆளும் உள்ளே இருக்காரான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டுக் கேளுங்க."